ஒரு மெஷின், ரெண்டு கட்டில்

மாத்தியாச்சு. இனி யோசிச்சு என்னத்த. மெஷின் ஓடுது, மருந்து புகையா வருது, மடியில பாப்பா கெடக்கா, அவ மூக்கையும் வாயையும் மூடி மாஸ்கப் புடிச்சிட்டு நான் உக்காந்திருக்கேன். யாரும் பாக்கல. பாத்திருந்தா இந்நேரம் வார்டே கூடியிருக்கும், சாந்தகுமாரி சிஸ்டர் என் கொண்டையப் புடிச்சு வெளிய தள்ளியிருப்பாவ. மொதல்ல அவியளச் சொல்லணும். ரெண்டு கட்டிலுக்கு ஒரு மெஷின்தான். அதுனால ரெண்டு பிள்ளைக்கும் உள்ள மருந்த ஒண்ணுபோல அவங்கவங்க கப்புல ஊத்தி, மாஸ்கோட சேத்து அவங்கவங்க கட்டில் கம்பியில மாட்டிருவாவ. மொதல்ல எம் பிள்ளைக்கு, அது முடிஞ்சதும் பக்கத்துக் கட்டில் அமலி மகன் ஆல்வினுக்கு. குழாய மட்டும் கழத்தி மாட்டிக்கிடணும், சுவிச்ச நாங்களே போட்டுக்கிடணும். தெனமும் இப்பிடித்தான் நடக்கு. இன்னைக்கும் ஊத்தி மாட்டுன கையோட, வாசல்ல ஒருத்தி பிள்ளையத் தூக்கிட்டு அலறிட்டு வந்தான்னு சிஸ்டர் ஓடிட்டாவ. அமலி துணி அலசப் போயிருந்தா. ஆல்வின் தூங்கிட்டுக் கெடந்தான். நான் எந்திச்சேன். எதுக்கு எந்திச்சேன்னு எனக்கே தெரியலன்னு சொன்னா அது பொய்யி, தெரியும், நேத்துலேருந்தே தெரியும். அவன் கப்பத் திருகி எடுத்து எங்க மாஸ்குல மாட்டுனேன், எங்க கப்ப அவன் மாஸ்குல திருகுனேன், வந்து உக்காந்து சுவிச்சப் போட்டேன்.  மாஸ்க அழுத்திப் புடிச்சுக்கிடுதேன், நவுந்தா புகை வெளிய போவும்.

இந்த மெஷின் சத்தம் வேற. மாவு மில்லு கெட்டுது போ. இது ஓடும்போது பாப்பா மூச்சு எனக்குக் கேக்காது, அதான் தாங்கல. மத்த நேரமெல்லாம் அந்தக் கர்ருபுர்ருங்க சத்தம், நெஞ்சுக்குள்ள யாரோ சாக்கு இழுக்க மாதிரி, கேக்க முடியாம நான் காதப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் படுத்தவதான். இப்ப கேக்கலன்னதும் உசிரு போவுது. கண்ணாலதான் பாத்துக்கிடணும். விலாவுக்கு நடுவுல தோலு உள்ள வாங்குது, வெளிய வருது, உள்ள வாங்குது. தொண்டைக்குக் கீழ குழி விழுது, என் கட்டைவெரல் உக்காரும் அதுல. மூக்குல ஆக்சிஜன் குழாய், வயித்துக்கு ஒரு குழாய், பாலு அது வழியாத்தான் போவுது, எனக்கு இங்க மாரு கட்டிக் கல்லாக் கெடக்கு. சாதாரண சளின்னுதானே இருந்தேன். கனிஷ்கான்னு எங்க வீட்டுக்காரவிய ஆசையா வச்ச பேரு, எனக்கு அது வாயில நொழையல, பாப்பாதான், பாப்பா பாப்பான்னு கூப்புட்டா கண்ணு திரும்பும், இப்ப திரும்பல. கல்யாணமாகி எத்தன வருசம், எத்தன கோயிலு, எத்தன ஆஸ்பத்திரி, "மாரி இன்னும் ஒண்ணும் இல்லையா"ன்னு எத்தன பேரு, அவளுவ வாயில மண்ண அள்ளிப் போட. அப்புறந்தான் இவ. காலையில டாக்டரம்மா நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டுட்டுச் சொன்னாவ: "சாயங்காலம் வரைக்கும் பாப்போம்மா. இழுப்பு குறையலன்னா தொண்டையில குழாய் போட்டு மூச்சு மெஷின்ல வைக்க வேண்டி வரும்." சாயங்காலம். மூச்சு மெஷின் இருக்க அந்த மூலை ரூமுக்குள்ள போன பிள்ளையள நான் பாத்திருக்கேன். போறதப் பாத்திருக்கேன், திரும்பி வாரத இன்னும் பாக்கல. இப்ப மத்தியானம். வெயிலு ஜன்னலத் தாண்டி கட்டில் காலுக்கு வந்துட்டு.

மருந்து. எல்லாம் அந்த மருந்துதான். வந்த அன்னைக்கே டாக்டரம்மா என்னையும் அவியளையும் உக்கார வச்சு நல்லாத்தான் சொன்னாவ. நெஞ்சுச்சளிக்குப் புகையில வைக்கிற மருந்து ரெண்டு இருக்கு, ஒண்ணு வழக்கமாக் குடுக்கிறது, இன்னொண்ணு உறைப்பான உப்புத்தண்ணி, ரெண்டுல எது நல்லாக் கேக்குதுன்னு இந்த வார்டுல பாத்துக்கிட்டு இருக்கோம், உங்க பிள்ளைக்கு ரெண்டுல ஒண்ணு வரும், எதுன்னு எங்களுக்கும் தெரியாது, பாட்டில்ல நம்பர் மட்டும் இருக்கும், ரெண்டும் பாக்கத் தண்ணி மாதிரிதான். இஷ்டம் இல்லன்னா வேண்டாம்மா, அப்பவும் நல்லாத்தான் பாப்போம்னும் சொன்னாவ. அவிய என் மூஞ்சியப் பாத்தாவ, நான் டாக்டரம்மா மூஞ்சியப் பாத்தேன், கையெழுத்துப் போட்டோம். உப்புத்தண்ணின்னு காதுல விழுந்ததுமே எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் யாரு? சின்ன வயசுலேருந்து உப்பளத்துல கெடக்கவ. பாத்தியில எறங்கி உப்பு வாரி வரப்புல குமிச்சு, தலையில சுமந்து கொட்டிக் கொட்டி உச்சி வழுக்கையாப் போச்சு. கால் வெடிப்புல உப்பு ஏறி ராத்திரி எரியும் பாரு, அத எவகிட்டச் சொல்ல. வெள்ளையப் பாத்துப் பாத்துக் கண்ணு கூசும். அந்த உப்பையா எம் பிள்ளைக்கு மருந்துன்னு வைப்பாவ? அளத்துல மழ பேஞ்சா ஓடைக்குப் போற உப்பு. ஏ ஆத்தா, அத வாங்கவா பஸ் ஏறி வந்தேன்? "எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா, தெரிஞ்சா அதையே எல்லாப் பிள்ளைக்கும் குடுத்துருவோமே"ன்னு டாக்டரம்மா சொன்னப்ப நான் தலைய ஆட்டுனேன், ஆனா மனசுக்குள்ள, யாரு காதுல பூ சுத்துத? இம்புட்டு படிச்சவியளுக்குத் தெரியாதாம்! தெரியும். சொல்ல மாட்டாவ. நல்ல மருந்து கொஞ்சமா இருக்கும், அத ஆளப் பாத்துக் குடுப்பாவ, எங்கள மாதிரி அளத்துக்காரிக்கு உப்பு போதும்னு இருப்பாவ. எங்க போனாலும் அப்பிடித்தானே நடக்கு.

நேத்துதான் உறுதியாச்சு. புகை முடிஞ்சதும் பாப்பா மாஸ்க் ஓரத்துல ஒரு சொட்டு தொங்குச்சு, வெரல்ல தொட்டு நாக்குல வச்சேன். உப்பு. நல்ல உப்பு. எனக்கா உப்பு தெரியாது. அப்பிடியே பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் பக்கம் ஆல்வினப் பாக்கேன், அம்மா மடியில உக்காந்து டம்ளரப் பிடுங்குதான், பல்லில்லாத வாயத் தொறந்து என்னையே பாத்துச் சிரிக்கான். அவன் வரும்போது எம் பிள்ளைய விட மோசமா வந்தவன். உதடெல்லாம் நீலமா. ரெண்டே நாளுல ஆக்சிஜன எடுத்துட்டாவ. மாருல வச்சுக் குடிக்கான். அப்போ எது நல்ல மருந்துன்னு சொல்ல டாக்டரு எதுக்கு? அவனுக்கு வாரதுதான் மருந்து, எம் பிள்ளைக்கு வாரது அளத்து உப்பு. ராத்திரி பூரா இதே. திரும்பிப் படுத்தா இது, எந்திச்சா இது, பாப்பா நெஞ்சத் தடவுனா இது. ஒரு நேரம். ஒரே ஒரு நேரத்து மருந்து. அவன் தேறிட்டான், இன்னைக்கோ நாளைக்கோ வீட்டுக்குப் போறவன், ஒரு நேரம் உப்புத்தண்ணி போனா என்ன கொறஞ்சிரும்? பாப்பாவுக்கு இன்னைக்குச் சாயங்காலம் இருக்கு. அவனுக்கு இல்ல. இதுல என்ன பாவம். பாவம் புண்ணியமெல்லாம் வயிறு நெறஞ்சவனுக்கு.

ஏட்டி, என்ன இருமுத? பாப்பா? ஏ பாப்பா! இப்பிடி இருமுனதில்லையே இவ. முன்ன புகை வைக்கும்போதெல்லாம் சவம் மாதிரி கெடப்பா, இப்ப மூஞ்சி செவந்து, கையக் கால ஒதச்சு, அடிவயித்துலேருந்து இருமுதா. இது நல்லதா கெட்டதா? மருந்து வேலை செய்யுதா, இல்ல ஒத்துக்கிடலையா? ஒரு பிள்ளைக்கு அளந்து ஊத்துனத இன்னொரு பிள்ளைக்கு வைக்கலாமா? அவன் தடியன், இவ நோஞ்சான், அளவு கூடிப்போச்சுன்னா? ஐயோ, இத நான் ராத்திரி பூரா ஒரு தடவ யோசிக்கலையே. மாஸ்க எடுக்கவா? எடுத்தா மருந்து பாதியில நிக்கும். வைக்கவா? இருமுதாளே. சிஸ்டரக் கூப்புட்டா என்னன்னு சொல்லுவேன்? முதுகத் தட்டுதேன். தட்டு தட்டு. வாயோரம் நுரையாச் சளி வருது, முந்தானையில தொடைக்கேன். மாஸ்க் ஓரத்துல சொட்டு நிக்கி. ஆல்வின் மருந்து. நல்ல மருந்து. வெரல்ல எடுத்து நாக்குல வைக்கேன்.

உப்பு.

இரு. எங்கையில இருந்த வேர்வையா இருக்கும். கைய முந்தானையில நல்லாத் தொடச்சிட்டு இன்னொரு தடவ வைக்கேன். உப்புதான். அப்போ ஆல்வினுக்குத்தான் உப்புத்தண்ணியா? அப்போ நேத்து எம் பிள்ளை மாஸ்குல இருந்தது என்ன? அதுவும் உப்புதானே. எது கூட, எது கொறைய? நேத்து உறைப்பா இருந்துச்சா, இன்னைக்கு உறைப்பா இருக்கா? நெனச்சு நெனச்சுப் பாக்கேன், நாக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. டாக்டரம்மா அன்னைக்கு இன்னொண்ணும் சொன்னாவளே, வழக்கமான மருந்தையும் கண்ணீர் அளவு உப்புத்தண்ணியில கலந்துதான் ஊத்துவோம்னு. நான் அதக் காதுல வாங்கல. உப்புன்னு கேட்டதோட எங்காது அடைச்சிட்டு. அதோட எந்நாக்கு ஒரு நாக்கா? அளத்துக்காரி வச்ச கொழம்ப நாயி கூட நக்காதுன்னு எங்க வீட்டுக்காரவிய சொல்லுவாவ, உப்பு கரிக்கும், எனக்குத் தெரியாது. முந்தாநேத்து அமலி மீன் கொழம்பு ஊத்துனா, வாயில வச்சிட்டு "ஏட்டி, உப்பே போடலையா"ன்னு கேட்டேன். "யக்கா, இதுக்கு மேல உப்பா? கடலத்தான் ஊத்தணும்"னு விழுந்து விழுந்து சிரிச்சா. பக்கத்துக் கட்டில்காரியெல்லாம் சிரிச்சாளுவ. நானும் சிரிச்சேன். அந்த நாக்க நம்பித்தான் ராத்திரி பூரா உறங்காம இருந்து, ஒரு பச்சப் பிள்ளை மருந்தத் திருகி எடுத்திருக்கேன். அவ போட்ட சோத்தத் தின்னுக்கிட்டு. உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்பாவ, நான் எந்தத் தண்ணியப் போயிக் குடிக்க?

"யக்கா, முடிஞ்சிட்டா?" அமலி வந்துட்டா. ஈரத் துணிய ஜன்னல் கம்பியில உதறிப் போடுதா, என் மேல தெறிக்கி. மூஞ்சியில அப்பிடி ஒரு வெளிச்சம். "டாக்டரம்மாவ வழியில பாத்தேன்க்கா. நாளைக்கு அனுப்பிருவோம்னாவ. ஒரு வாரம் பட்ட பாடு, மாதாவே." நான் மாஸ்க் ஓரத்த முந்தானையால தொடைக்கேன். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க? பாப்பா எப்பிடி இருக்கா?" "இருமுதா." "இருமட்டும்க்கா, சளி வெளிய வரணும்லா. ஆல்வினும் இப்பிடித்தான் இருமுனான், நான் பயந்து செத்தேன்." சொல்லிக்கிட்டே பாப்பா நெத்தியத் தொட்டுப் பாக்கா, கலஞ்ச முடிய ஒதுக்கி விடுதா. எனக்கு அந்தக் கையத் தட்டி விடணும் போல இருந்துச்சு, புடிச்சுக்கிட்டு அழணும் போலவும் இருந்துச்சு. "யக்கா, ஒரு ஒத்தாசை. இவன் அப்பா ஜெரால்டு ஆஸ்பத்திரி கேட்டுல சாப்பாட்டோட நிக்காரு, மீன்புடி போட்டுலேருந்து எறங்கி நேரா வந்திருக்காரு, ஆம்பளைய வார்டுக்குள்ள விட மாட்டாவளே. உனக்கும் சேத்துத்தான் கொண்டாரச் சொன்னேன். பாப்பாவுக்கு முடிஞ்சதும் இவனுக்கும் நீயே புகைய வச்சு விடுதியா? எழுப்பி மடியில போட்டுட்டுப் போறேன். ஒன்கிட்டன்னா இருப்பான்." வாயத் தொறந்தேன். வைக்கேன்னுதான் வந்துச்சு. வேற என்ன வரும். பாப்பா கப்புல மருந்து தீந்து புகை நின்னுட்டு, நான் சுவிச்ச அணைச்சதும் அவ பாப்பாவத் தூக்கிக் கட்டில்ல பதனமாக் கெடத்தி, ஆக்சிஜன் குழாய நேராக்கி, ஆல்வின எம் மடியில வச்சிட்டுச் செருப்பு சத்தம் கேக்க ஓடுதா.

என்ன கனம் கனக்கான். எம் பிள்ளை இப்பிடிக் கனக்கணும்லா. தூக்கக் கலக்கத்துல என்னப் பாக்கான், அழல. குழாயக் கழத்துதேன், அவன் மாஸ்குல சொருகுதேன். அதுல எங்க கப்பு. எனக்குத் தெரியும், ஒலகத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும். ஒரு நேரம்தானே. என்ன கொறஞ்சிரும்? காலையில இந்த நெனப்பு சரியாத்தானே பட்டுச்சு. ஆனா எம் பிள்ளைக்கு இத வச்சு வச்சுத்தானே குழி விழுது. இதுதான் கேக்காத மருந்துன்னா இத இவனுக்கு வைக்கேன். இதுதான் நல்ல மருந்துன்னா, எம் பிள்ளைக்கு வரவேண்டியத நானே புடுங்கிட்டேன். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. சிஸ்டருக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கு... ஐயோ. அவியளுக்கும் தெரியாதோ? நெஜமாவே தெரியாதோ? அன்னைக்கு நெஞ்சத் தொட்டுச் சொன்னதுதானோ அது? யாரோ ஒருத்தருக்குத் தெரியும், தெரிஞ்சே எங்கள ஏமாத்துதாவன்னு இருந்தப்ப கோவமாவாவது இருந்துச்சு. கோவத்துல ஒரு தெம்பு இருந்துச்சு. இங்க ஒருத்தருக்குமே தெரியாதுன்னா நான் யாருகிட்டப் போயிச் சண்டை போட? எல்லாரும் இருட்டுல தடவுதாவ, அதுலயும் அவிய வரிசையா, கணக்கா, ஒரு நம்பருக்கு ஒரு பாட்டில்னு தடவுதாவ. நடுவுல நான் பூந்து கலைச்சு விட்டிருக்கேன். சாயங்காலம் டாக்டரம்மா வருவாவ. பாப்பா தேறியிருந்தா எதுனால தேறுனான்னு தப்பாப் புரிஞ்சுக்கிடுவாவ. தேறலன்னாலும் தப்பாத்தான். அவிய வைத்தியம் பாக்கிறது எம் பிள்ளைக்குப் போகாத மருந்தப் பாத்து. சொன்னா? சொன்னா வெளிய போன்னுருவாவளோ? நீ பாத்த வைத்தியத்த நீயே பாத்துக்கோன்னு விட்டுருவாவளோ? இந்தக் குழாயெல்லாம் எடுத்துருவாவளோ? சொல்லாண்டாம். வாய மூடிக்கிட்டு இரு மாரி. சுவிச்சப் போடு. வெரல் சுவிச்சு மேல இருக்கு. ஆல்வின் மாஸ்கப் பாத்ததும் ரெண்டு கையாலயும் புடிச்சு, தானே மூஞ்சிக்கு இழுத்து வச்சுக்கிடுதான். பழகிட்டான். யாரு குடுத்தாலும் வாங்கிக்கிடுவான்.

நான் அத அவன் கையிலேருந்து பிடுங்கிட்டேன். வீல்னு கத்துதான். "சிஸ்டர்! சிஸ்டர், இங்க வாங்க!" என் சத்தத்துக்கு வார்டே திரும்புது. சாந்தகுமாரி சிஸ்டர் கையுறையோட ஓடி வாராவ, "என்ன, பாப்பா நீலமாயிட்டாளா?"ன்னு கட்டில்ல குனியுதாவ. "இல்ல சிஸ்டர். மருந்துல ஒரு தப்பு நடந்து போச்சு." "என்ன நடந்துச்சு? தட்டி விட்டுட்டியா?" தட்டி விட்டேன்னு சொல்லிரலாம். நல்ல வழியாத்தான் இருக்கு, அவியளே எடுத்துக் குடுக்காவ. "நடந்து போகல சிஸ்டர். நான் செஞ்சேன். ரெண்டு கப்பையும் மாத்திட்டேன். பாப்பாவுக்கு அவன் மருந்து போயிட்டு. அவனுக்கு இன்னும் வைக்கல, பாருங்க, அப்பிடியே இருக்கு." சிஸ்டர் நிமிந்து என்னப் பாத்தாவ. திட்டல. திட்டியிருக்கலாம். கையுறையக் கழத்திட்டு, "டாக்டரக் கூப்புடுங்க"ன்னு ஆயாம்மாகிட்டச் சொல்லிட்டு, பாப்பா நெஞ்சுல உள்ளங்கைய வச்சு மூச்ச எண்ண ஆரம்பிச்சிட்டாவ.

அவிய தோளுக்குப் பின்னால அமலி நிக்கா. கையில அடுக்குச் சட்டி. எம்புட்டுக் கேட்டாளோ, எல்லாங் கேட்டிருப்பா. சட்டியக் கீழ வச்சிட்டு வந்து, அழுற பிள்ளைய எம் மடியிலேருந்து எடுத்துத் தோள்ல போட்டா. "எதுக்குக்கா?"ன்னா. கோவமாக் கூட இல்ல. "ஒம் பிள்ளைக்கு வாரதுதான் நல்ல மருந்துன்னு நெனச்சேன் அமலி." "அதுனால அவனுக்கு வேண்டாம்னு நெனச்ச."   அவ திரும்பி அவ கட்டிலுக்குப் போயி, எனக்கு முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டா, அவன் முதுகத் தட்டிக்கிட்டே. சிஸ்டர் எண்ணுதாவ, உதடு மட்டும் அசையுது, கூடுதா குறையுதான்னு மூஞ்சியில ஒண்ணும் தெரியல. நானும் குனிஞ்சு பாப்பா நெஞ்சுல காத வச்சேன். மெஷின் நின்னிருக்கதுனால இப்பதான் கேக்கு, அந்தக் கர்ருபுர்ரு. கேக்கு.